நிலைக்கருவியும் உலாக்கருவியும்

சென்ற கோடை விடுமுறையில், திருநெல்வேலிச் சீமையிலுள்ள எம் சிற்றூரில், எம் பெரியப்பாவும் எம் தந்தையாரும் எம் சித்தப்பாவும் தம் தந்தையார் விட்டுச் சென்ற புன்செய் நிலத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளக் கருதினர். அளக்க வந்த நில அளவையாளர் சங்கிலி கொண்டுவந்திலர். காளான் போன்ற தலையுடைய இரண்டு கருவிகளும், ஒரு முக்காலியும், ஒரு கோலும், மோட்டார் வண்டிக்குரியது போன்ற ஒரு பாட்டரியுமே அவர் கொண்டுவந்தவை. கோல் பிடிக்கும் பணி எமக்கு வாய்த்தது. தொல்காப்பியமும் நன்னூலும் பயிலும் மாணவர்க்கு இஃது என்ன தொழில் என நகைப்பார் நகைக்க. அம்மூன்று நாட்களில் யாம் கண்டவற்றை, அவற்றுள்ளும் இரண்டாம் நாள் மாலை எம் வீட்டில் எழுந்த கலகத்தின் காரணத்தை, அன்பர்களுக்கு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

அக்கருவிகளுள் ஒன்று நாள் முழுதும் ஓரிடத்தில் அசையாது நிற்பது. அளவையாளர் இதனைப் ‘பேஸ்’ என்பர். மற்றொன்று கோலின் நுனியில் ஏறி எல்லையெங்கும் திரிவது; அது ‘ரோவர்’ எனப்படும். யாம் இவற்றை நிலைக்கருவி, உலாக்கருவி என வழங்குவோம். இவற்றினும் நல்ல பெயர் கண்டார் எமக்கு அறிவிப்பாராக.

ஓரிடத்தைக் காண்பதற்கு ஒரு கருவி போதாதோ என்பது யாம் முதலிற் கேட்ட வினா. ஜி.பி.எஸ். எனப்படும் முறையைச் சார்ந்த செயற்கைத் துணைக்கோள்கள் நிலத்திற்குமேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தையும் தன் கடிகாரம் காட்டும் நேரத்தையும் அலையிலேற்றி இடையறாது அனுப்புகின்றது. அலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பதே முறை. ஆனால் அலையோ வினாடிக்கு ஏறக்குறைய 3,00,000 கிலோமீட்டர் செல்வது. ஆகலின், ஒரு வினாடியை நூறு கோடிக் கூறிட்டு அவற்றுள் ஒரு கூறு பிழைத்தாலும் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிழைபடும். துணைக்கோளின் கடிகாரப் பிழை, அதன் பாதையைப் பற்றிய கணக்கின் பிழை, மேல்வானத்து மின்னேறிய காற்றினாலாகும் தாமதம், கீழ்க்காற்றின் ஈரத்தாலாகும் தாமதம் ஆகிய எல்லாம் சேர்ந்து, தனித்து நிற்கும் கருவியைச் சில மீட்டர் தூரம் ஏமாற்றிவிடும். வழி தேடும் வண்டிக்காரனுக்கு அது போதும், வரப்புக்குப் போதாது.

இனி, இரண்டு கருவிகள் சில கிலோமீட்டருக்குள் நின்று ஒரே துணைக்கோளை நோக்குமாயின், அலை இரண்டிற்கும் ஏறக்குறைய ஒரே வான்வழியாகவே வருகின்றது. ஏமாற்றமும் இரண்டிற்கும் ஏறக்குறைய ஒன்றே. நிலைக்கருவி தான் நிற்கும் இடத்தையும் தான் கேட்டவற்றையும் பெரும்பாலும் வினாடிக்கொரு முறை ரேடியோ வழியே சொல்லிக்கொண்டிருக்கின்றது. உலாக்கருவி தான் கேட்டதை அதனோடு ஒப்பிட்டு, பொதுவாகிய பிழையைக் கழித்துவிடுகின்றது. எனவே உலாக்கருவி உண்மையிற் காண்பது, நிலைக்கருவியினின்று தான் எத்திசையில் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதனையே. இதனை அன்பர்கள் நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். எம் வீட்டுக் கலகம் இதனினின்றே பிறந்தது.

இம்முறையால் விரற்கடை நுட்பம் எங்ஙனம் கிடைக்கின்றது? துணைக்கோள் அனுப்பும் அலைகளுள் ஒன்று 19 சென்டிமீட்டர் நீளமுடையது. ஓர் அலையின் எப்பகுதி தன்னை வந்தடைந்தது என்பதைக் கருவி இரண்டொரு மில்லிமீட்டர் நுட்பமாக அறியும். அதற்கு முன் எத்தனை முழு அலைகள் இடையிலுள்ளன என்பதையோ அறியாது. களத்துமேட்டில் நெல்லளப்பவன் ‘லாபம்’ என்று தொடங்கி எண்ணி வருங்கால், இடையில் யாரோ பேச்சுக் கொடுக்க எண்ணிக்கையை மறந்தான் என்க. கடைசி மரக்காலில் எவ்வளவு நெல் என்பது அவன் கண்முன் உள்ளது. முன் கொட்டிய முழு மரக்கால் எத்தனை என்பதே ஐயம். பல துணைக்கோள்களின் அலைகளை ஒருங்கே வைத்துப் பார்த்து, எல்லாவற்றிற்கும் பொருந்தும் முழு எண்களை உலாக்கருவி தேடுகின்றது. அவை அகப்படாதவரை ‘ஃப்ளோட்’ என்றும், அகப்பட்டவுடன் ‘ஃபிக்ஸ்’ என்றும் கையிலுள்ள திரையில் தோன்றும். முன்னதில் பிழை சாண் கணக்கிலோ அதற்கு மேலோ இருக்கும். பின்னதில் ஓரிரு சென்டிமீட்டரே.

நிலைக்கருவியை நிறுத்துவதில் அளவையாளர் காட்டிய பொறுமை எமக்கு வியப்பாயிருந்தது. முதல் நாள் எம் பம்புசெட்டு அறையின் மேல்தளத்தைத் தேர்ந்துகொண்டார். வானம் நாற்புறமும் திறந்திருத்தல் வேண்டும். மரக்கிளை அலையைத் தடுக்கும். தகரக் கூரையும் நீர்ப்பரப்பும் அலையை எதிரடித்து, நேரே வந்த அலையோடு கலக்கச் செய்யும். தளத்தில் ஓர் ஆணியை அடித்து, அதன் தலைக்கு நேர்மேலே கருவி நிற்குமாறு முக்காலியை நாட்டி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை திருகாணிகளைத் திருகினார். பின்பு ஆணிக்கும் கருவிக்கும் இடையிலுள்ள உயரத்தை நாடாவால் இருமுறை அளந்தார். சாய்த்து அளந்த உயரத்தை நேர் உயரமென்று எழுதிவிட்டால், அன்று அளக்கும் எல்லாப் புள்ளிகளின் உயரமும் ஒருசேரப் பிழைபடும். அப்பிழை எவர் கண்ணிலும் படாது.

அடுத்தது ரேடியோ. 400 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேற்பட்ட அலைகளே இதற்குப் பெரும்பாலும் பயன்படுகின்றன. இவை நேர்பார்வையிற் செல்வன. மேடும் கட்டடமும் இடைப்பட்டால் மெலியும். ஆதலின் ஆன்டெனாவை உயர்ந்த கழியிலேற்றி, நிலைக்கருவிக்குச் சற்று விலக்கி நிறுத்தினார். கருவிக்குள்ளேயே அமைந்த சிறு ரேடியோ ஒன்றிரண்டு வாட் வலிமையுடையது. புறத்தே வைக்கும் பெரியது 35 வாட் வரை வலிமையுடையது. பெரியதனை ஆன்டெனா மாட்டாமல் முடுக்குவது பெருந்தவறு. வெளிச்செல்ல வழியற்ற ஆற்றல் திரும்பி வந்து ரேடியோவையே எரித்துவிடக்கூடும். அலைவரிசையும், செய்தியைக் கட்டும் முறையும், அனுப்பும் வேகமும் இரு கருவிகளிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒன்று மாறினும் உலாக்கருவி ஊமையன்முன் நின்ற செவிடன்போல் நிற்கும். இத்தகைய ரேடியோவை நம் நாட்டிற் பயன்படுத்த மத்திய அரசாங்கத்தின் உரிமம் வேண்டும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கைப்பேசி வலை உள்ள ஊர்களில் இச்செய்தியை அதன்வழியே பெறுவாரும் உளர். எம் ஊரில் அவ்வலை வேப்பமரத்தடியில் மட்டுமே கிடைப்பது.

எஞ்சியது, நிலைக்கருவிக்கு அது நிற்கும் இடத்தைச் சொல்லுதல். முன்னரே நுட்பமாக அளந்து குறிக்கப்பட்ட இடத்தின்மேல் நிறுத்தி அதன் எண்களைக் கொடுப்பது சிறந்த வழி. அத்தகைய இடம் அருகில் இல்லையாயின், கருவி தானே தனித்துக் கணித்த இடத்தை ஏற்றுக்கொள்ளச் செய்வது எளிய வழி. ஆனால் தனித்த கணிப்பு சில மீட்டர் பிழைபடும் என்று முன்னரே கண்டோம். அவ்வாறு தொடங்கின், அளந்த புள்ளிகள் யாவும் தமக்குள் இடைத்தூரம் பிசகாமல், ஒரு பாயை மடிப்புக் குலையாது இழுத்ததுபோல, ஒரே பக்கம் நகர்ந்துவிடும். உறவினர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள இது தடையன்று. ஒரே பாயாக இருக்கும்வரை.

இரண்டாம் நாள் எம் பம்புசெட்டு அறையின் தளத்திற் சித்தப்பா மிளகாய் காயவைத்திருந்தார். அளவையாளர் நிலைக்கருவியைக் களத்துமேட்டில் நிறுத்தி, அவசரத்தில் மறுபடியும் எளிய வழியையே கைக்கொண்டார். மாலையில் இரு நாட் புள்ளிகளையும் ஒரே படத்தில் வரைந்தபொழுது, எம் தந்தையார் தம் கையால் வெட்டிய கிணறு பெரியப்பாவின் பங்கினுள் விழுந்தது. “படம் பொய் சொல்லுமா?” என்றார் பெரியப்பா. எம் தந்தையார் மறுமொழி கூறாமல் எழுந்து சென்றார். அன்றிரவு இரு வீட்டிற்கும் பேச்சில்லை.

மறுநாட் காலை அளவையாளர் எம்மை அழைத்துக்கொண்டு, முதல் நாள் அளந்த வடகிழக்கு மூலைக் கல்லின்மேல், களத்துமேட்டு நிலைக்கருவியைக் கொண்டே மறுபடியும் கோலை நிறுத்தச் செய்தார். கல் நகரவில்லை, எண்கள் 1 மீட்டர் 40 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தன. உலாக்கருவி இரு நாளும் உண்மையே சொன்னது. நிலைக்கருவி தன் இடத்தை இரு நாளும் வெவ்வேறு விதமாகச் சொன்னது. அவ்வேறுபாட்டை இரண்டாம் நாட் புள்ளிகள் எல்லாவற்றினின்றும் கழிக்கவே, கிணறு தன் இடத்திற்கு மீண்டது. நாளின் தொடக்கத்தில் அறிந்த கல்லொன்றின்மேல் கோலை நிறுத்திப் பார்த்திருந்தால் அவ்விரவு வந்திராது. இதனை அளவையாளரே எம் பெரியோர்முன் ஒப்புக்கொண்டமை அவர்பால் எமக்கிருந்த மதிப்பை உயர்த்தியது.

தொடக்கத்தைப் பற்றிய இக்கவலை இன்று பிறந்ததன்று. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையினின்று தெற்கே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஒரு கோட்டை 100 அடி உருக்குச் சங்கிலியால் அளந்தார். வெயிலிற் சங்கிலி நீளுமென்று அதனைப் பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியை உடன்வைத்து, வாரக்கணக்கில் உழைத்தார். இந்தியா முழுதும் பரவவிருந்த முக்கோணங்களின் நீளமெல்லாம் அத்தகைய கோடுகளையே சார்ந்திருந்தமையே அதற்குக் காரணம்.

உலாக்கருவியைப் பற்றிச் சொல்லவேண்டியது குறைவே. கோலின் உயரம், பெரும்பாலும் 2 மீட்டர், திரையிற் பதிந்த உயரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். “குமிழி நடுவில் நிற்கும்வரை பொத்தானைத் தொடாதே தம்பி” என்பது எமக்கு நாடோறும் கிடைத்த உபதேசம். முழு எண்களைக் கருவி தவறாகத் துணிந்துவிடுவதும் உண்டு. ஆதலால் முதன்மையான கற்களைச் சில மணி கழித்து, துணைக்கோள்கள் இடம் மாறியபின், மீண்டும் அளத்தல் நன்று. எம் சீமைக்கு உரியதொரு தொல்லையும் உளது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அண்மையிற் செல்கின்றது. அதனால் சில பருவங்களில் ஞாயிறு மறைந்தபின் மேல்வானத்து மின்காற்று கலங்கி, துணைக்கோளின் அலை விண்மீன்போல் மினுக்கும். ‘ஃபிக்ஸ்’ ஆனது ‘ஃப்ளோட்’ ஆகிவிடும். விளக்கு வைக்கும் நேரத்திற்குமுன் அளவையாளர் கருவியை மடக்கியதன் காரணம் இதுவே; யாம் முதலில் அவரைச் சோம்பர் என்று நினைத்தோம்.

மூன்றாம் நாள் மிளகாயை அள்ளிவிட்டு, நிலைக்கருவியைப் பழைய ஆணியின்மேலேயே நிறுத்தி, முதல் நாள் எண்களையே கொடுத்து, எஞ்சிய கற்களை நாட்டினர். தாலுகா அலுவலகத்தில் உட்பிரிவு செய்து பட்டா மாற்றுவது அரசாங்க அளவரின் தொழிலாதலின், இஃது எம் பெரியோர் தமக்குள் ஒத்துக்கொள்வதற்கே ஆயிற்று. பெரியப்பா மட்டும் நாடாவை எடுத்துவரச் சொல்லி, கிணற்றோரத்துக் கல்லினின்று மூலைக் கல்வரை தாமே அளந்தார். நாடாவின் மறுமுனையை எம் தந்தையார் பிடித்துக்கொண்டார். நாடாவிற்கும் கருவிக்கும் ஒன்றரைச் சென்டிமீட்டரே வேறுபட்டது.