காங்கயக் கன்றின் தந்தை யார்?

சென்ற கோடை விடுமுறையில், காங்கயத்துக்கு அணித்தான ஒரு சிற்றூரில் எம் தாய்மாமன் இல்லத்தில் யாம் தங்கியிருந்தோம். ஒருநாட் காலை அவர் தொழுவிலிருந்த கிடாரி ஒன்று பருவமெய்திக் கத்திக்கொண்டிருந்தது. அயலூரில் பேர்பெற்ற பொலிகாளை ஒன்று உண்டு. கொங்கு நாட்டார் அத்தகைய காளையைப் பூச்சிக்காளை என்பர். அதனிடம் கிடாரியை ஓட்டிச்செல்ல மாமன் புறப்பட்டபொழுது, பாட்டியார் திண்ணையிலிருந்தே தடுத்தார்: “ஏப்பா, இதற்கு அப்பனே அந்தக் காளையாக இருந்துவிட்டால் என்ன செய்வாய்?”

மாமன் விடைகூற இயலாது நின்றார். தாய்ப்பசு சினைப்பட்ட காலத்தில் கொறங்காட்டில் இரண்டு காளைகள் மேய்ந்தன. அவற்றுள் ஒன்று அயலூர்க் காளை. மற்றொன்று பின்னர்க் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் விலைப்பட்டு எங்கோ போயிற்று. பசு எதனோடு சேர்ந்தது என்பதை எவரும் கண்டிலர். எழுதி வைத்தாரும் இலர். பாட்டியாரின் அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று.

காங்கயம் இனம் கறவையினும் உழைப்பிற்கே பேர்பெற்றது. பழைய கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்ததும் இப்பொழுது திருப்பூர் மாவட்டத்தில் உள்ளதுமான காங்கயத்தைச் சுற்றிய நாட்டிலே, பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் இதனை முறையாக வளர்த்துப் புகழ்பெறச் செய்தார். பின்னர்க் கவலை இறைத்த இடத்தை மின்சாரப் பம்பும், ஏர் உழுத இடத்தை டிராக்டரும் கொண்டன, மாடுகளும் அருகின. பொலிகாளைகள் அருகுந்தோறும் ஒரே காளை பல ஊர்களுக்குத் தந்தையாகும்; அதன் மகளே மீண்டும் அதனிடம் வருதலும் நேரும். அங்ஙனம் பிறக்கும் கன்று, தன் மரபணு இடங்களுள் நான்கில் ஒரு பங்களவில், ஒரே மூலத்தின் இரு படிகளைப் பெறும். மறைந்திருந்த குறைகள் அப்பொழுது வெளிப்படும், உடல் மெலியும், சினைபிடித்தலும் குன்றும்.

நிறத்தைக் கொண்டு தந்தையை அறியலாகாதோ எனின், ஆகாது. காங்கயக் கன்று செந்நிறமாகவே பிறக்கும்; ஏறத்தாழ ஆறு திங்களில் அந்நிறம் மாறி மயிலையாகும். இவ்வியல்பை அறியாதார் மயிலைக் காளைக்குச் செங்கன்று பிறந்ததெனக் கண்டு ஐயுறுவர். எம் கிடாரியின் காரியத்திலோ இரண்டு காளைகளும் மயிலையே. கண் இங்கே சாட்சி சொல்ல மாட்டாது.

சாட்சி சொல்வது மயிரின் வேர். வாலிலிருந்து வேரோடு பறித்த சில மயிர்களிலிருந்தோ சில துளிக் குருதியிலிருந்தோ டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளைப் பிரித்தெடுக்கலாம். மாட்டுக்குக் குரோமோசோம்கள் முப்பது இணை; ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் கன்றுக்கு இரண்டு குறிகள் உண்டு. ஓரிடத்தில் கன்றின் குறி ‘அ, அ’ எனவும், காளையின் குறி ‘க, க’ எனவும் கொள்வோம். அக்காளை ‘அ’ என்பதைத் தந்திருக்க இயலாது. ஓரிட முரண்பாடு சோதனைப் பிழையாகவும் இருத்தல் கூடும். ஆதலின் நூறு, இருநூறு இடங்களை ஒப்பிட்டுப் பல முரண்பாடுகள் தோன்றினாலன்றிக் காளையை விலக்கார்.

இறைச்சிக்கென மாடு வளர்க்கும் ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளிலும் இவ்வினா பெரிது. ஆண்டு ஒரே மேய்ச்சல் நிலத்தில் பல காளைகளை விடுவர். இங்கிலாந்தில் 1822-இலேயே ஷார்ட்ஹார்ன் இனத்துக்குக் குலவரலாற்றுப் பதிவேடு அச்சாயிற்று. ஏட்டில் எழுதியது மெய்தானா என்பதை அறிய, 1940-களில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தார் மாட்டின் குருதி வகைகளை ஆராய்ந்தனர். 2009-இல் மாட்டின் மரபணுத் தொகுதி முழுமையும் வெளியாயிற்று. நம் நாட்டு மாடுகளுக்கென ஹைதராபாத்திலுள்ள தேசிய விலங்கு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தார் ஆக்கிய ‘இண்டிகௌ’ என்னும் சில்லு 2021-இல் வெளிவந்தது; அதில் 11,496 குறிகள் உள. செயற்கைக் கருவூட்டலில் ஒரு காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குச் செல்லுதலின், குலமுறையில் நேர்ந்த ஒரு பிழை ஆயிரமாகப் பெருகும் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. ‘இக்காளை தந்தையன்று’ என அஃது உறுதியாகச் சொல்லும். ‘இதுவே தந்தை’ என்பதை மிக்க வாய்ப்புடையதென்றே சொல்லும். இரு காளைகளும் உடன்பிறந்தனவாயின் இன்னும் பல குறிகளை நோக்கல் வேண்டும். மயிர் கிடைக்காத காளையைப் பற்றி அது பேசாது. ஆயினும் எம் மாமனுக்கு விற்றுப்போன காளை வேண்டியதில்லை. அயலூர்க் காளை தந்தையா, அன்றா என்பதொன்றே வேண்டும். அதற்கு அக்காளையின் மயிரும் கிடாரியின் மயிருமே போதும்.

ஆனால் ஆய்வுக்கூடம் தொலைவில். கிடாரியின் பருவமோ ஒருநாள் அளவும் நில்லாது. தப்பின் மூன்று வாரம் காத்திருத்தல் வேண்டும். ஆதலின் மாமன் அயலூர்க் காளையை விடுத்து, உறவில்லாத வேறொரு காளையைத் தேடி ஆறு மைல் நடத்திச் சென்றார். மாலையில் திரும்பியதும் எம்மிடம் ஒரு நோட்டுப்புத்தகத்தை நீட்டினார். நாள், கிடாரி, காளை, காளைக்கு உடையவர் என நான்கு செய்திகளை யாம் எழுதினோம். பாட்டியார் அதனை ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டு, “இதை அப்பொழுதே எழுதியிருக்கலாமே” என்றார். அறிவியல் பின்னர் வந்து சரிபார்ப்பதற்கும் முதலில் ஒருவர் எழுதி வைத்தல் வேண்டுமன்றோ?