சுடுறது நானா, நம்பரா?

‘‘அண்ணா, மவுஸ் வேலை செய்யலண்ணா!’’

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துல, எங்க ஸ்டாலுக்கு வந்த முதல் ஆளு சொன்ன முதல் வார்த்தை இது. பையன் ஃபர்ஸ்ட் இயர். ஹாஸ்டல் லேன்ல கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடி சீனியர்களையே கதற வைக்கிற கில்லாடி. ஸ்க்ரீன்ல எதிரே நிக்கிற ரோபோவோட நடு நெத்தியில குறி வச்சு ஆறு தடவை சுட்டான். ஆறும் கரெக்டா பட்டுச்சு. ரோபோ அசரவே இல்லை. ஏழாவது ரவுண்டுக்குள்ள ரோபோ இவனைப் போட்டுத் தள்ளிடுச்சு.

மவுஸ் நல்லாதான் இருந்துச்சு பாஸ். கோளாறு எங்க கேம்ல!

நாங்க நாலு பேர், மூணாவது வருஷம். ரெண்டு மாசம் ராத்தூக்கம் கெட்டு ஒரு மினி ப்ராஜெக்ட் பண்ணினோம். துப்பாக்கி சுடுற கேம்ல, லெவல் ஏறுற கேமைக் கலக்குறது. ‘ரெண்டுமே சூப்பர், சேர்த்தா டபுள் சூப்பர்’ங்கிறது எங்க கணக்கு. சுட்டா எக்ஸ்.பி. கிடைக்கும், எக்ஸ்.பி. சேர்ந்தா லெவல் ஏறும், லெவல் ஏறினா குண்டோட வலு கூடும். அவ்வளவுதான் டிசைன். அந்தப் பையன் லெவல் 1. ரோபோ லெவல் 5. அதான் நெத்தியில பட்டும் கொசு கடிச்ச மாதிரி நின்னுச்சு.

ரெண்டாவதா வந்தவன் இன்னும் மோசம். ரோபோக்கள் திரும்பத் திரும்ப முளைக்கிற ஒரு கதவைக் கண்டுபிடிச்சுட்டான். அங்கேயே நின்னு நாப்பது நிமிஷம் ஒரே வேலை... வர்ற ரோபோவைச் சுடுறது, எக்ஸ்.பி. வாங்குறது. லெவல் 30 ஆகிட்டு நேரா பாஸ் ரோபோகிட்ட போனான். ரெண்டே குண்டு. முடிஞ்சது. ‘‘எப்படிடா இருந்துச்சு?’’னு ஆசையா கேட்டோம். ‘‘போரடிச்சிருச்சுண்ணா’’ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

கடைசியா ஜட்ஜ் வந்தார். பத்து நிமிஷம் பொறுமையா ஆடிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்... ‘‘உங்க கேம்ல ஜெயிக்கிறது ஆடுறவனா, அவனோட லெவலா?’’

நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். பரிசு? அதைக் கேக்காதீங்க!

ஆனா அந்தக் கேள்வி மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. இதே வம்புல மாட்டின பெரிய தலைகள் எல்லாம் என்ன பண்ணினாங்கனு பழைய கேம்களைத் தேடித் தேடி ஆடினோம். அதுல கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

ரெண்டு குடும்பத்துக் கல்யாணம்

லெவல், எக்ஸ்.பி. இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பிறந்த சமாச்சாரமே இல்லை. 1974-ல் அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் சேர்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’னு ஒரு டேபிள் விளையாட்டு கொண்டு வந்தாங்க. பேப்பர், பென்சில், தாயக்கட்டை... இவ்வளவுதான் சாமான். நீங்க ஒரு வீரன். கத்தி வீசுறீங்க. அடி பட்டுச்சா இல்லையானு கட்டை சொல்லும். வீரன் வளர வளர கட்டையோட கணக்கு அவனுக்குச் சாதகமா மாறும். நிஜத்துல உங்களுக்குக் கத்தி பிடிக்கத் தெரிய வேண்டாம். உங்க வீரனுக்குத் தெரிஞ்சா போதும். ஆர்.பி.ஜி. குடும்பத்தோட சத்தியம் இது.

எஃப்.பி.எஸ். குடும்பத்தோட சத்தியம் நேர் எதிர். 1993-ல் வந்த ‘டூம்’ கேமை எடுத்துக்கங்க. ஹீரோவுக்கு லெவலும் இல்லை, அனுபவப் புள்ளியும் இல்லை. புதுத் துப்பாக்கி கிடைச்சா எடுத்துக்கலாம். மத்தபடி தேறுறது நீங்கதான், உங்க கண்ணும் கையும்தான்.

ஒரு வீட்டுல ‘குறி பார்க்கிறது கேரக்டரோட வேலை’. இன்னொரு வீட்டுல ‘குறி பார்க்கிறது உன் வேலை’. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வச்சா முதல் நாளே சண்டை வராதா? எங்க ஸ்டால்ல நடந்தது அந்தச் சண்டைதான்.

குறி சரி... குண்டு எங்கே?

இந்தக் கல்யாணத்தை ஒழுங்கா நடத்தி வச்ச கேம்னா முதல்ல ‘டேயஸ் எக்ஸ்’. 2000-ல் வந்தது. வாரன் ஸ்பெக்டர் தலைமையில ஐயன் ஸ்டார்மோட ஆஸ்டின் டீம் பண்ணினது. ஹீரோ ஜே.சி. டென்டன். முதல் கட்டமே நியூயார்க்ல சுதந்திர தேவி சிலை இருக்கிற தீவு.

ஆடினப்போ எனக்கும் அந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் கதிதான். குறிவச்சு சுட்டா குண்டு பக்கத்துச் சுவத்துல போய்ப் பதியுது! கடுப்பாகி மூடப் போனேன். அப்புறம்தான் கவனிச்சேன். ஓடிக்கிட்டே சுட்டா குறியைச் சுத்தி இருக்கிற கோடுகள் விரியுது. அசையாம நின்னா மெதுவா ஒண்ணா சேருது. சேர்ந்ததும் சுட்டா நெத்தியடி.

அங்கேதான் சூட்சுமம். ஒவ்வொரு ஆயுத வகைக்கும் நாலு படி வச்சிருக்காங்க... பயிற்சி இல்லாதவன், பயிற்சி உள்ளவன், தேர்ந்தவன், மாஸ்டர். படி ஏற ஏற அந்தக் கோடுகள் சீக்கிரம் சேரும், அடியும் பலமா விழும். கத்துக்குட்டி ஸ்னைப்பர் எடுத்தா ஸ்கோப் ஆடிக்கிட்டே இருக்கும். மாஸ்டர் ஆனா கல்லு மாதிரி நிக்கும். கேம் உங்க கையைப் பிடுங்கிக்கலை. கை எவ்வளவு நடுங்கணும்கிறதை மட்டும் தீர்மானிக்குது. நடுங்குற கையோட ஜெயிக்கவும் வழி உண்டு... பக்கத்துல போங்க, மறைஞ்சு நின்னு காத்திருங்க, இல்லை சுடாமலே வேற வழியா நழுவுங்க. எங்க லெவல் 1 பையனுக்கு அப்படி ஒரு வழியை நாங்க வைக்கவே இல்லையே!

இன்னொரு விஷயம் எங்களை நிமிர்ந்து உக்கார வச்சது. அந்த கேம்ல ஆளைக் கொன்னா பாயின்ட் கிடையாது. கொடுத்த வேலையை முடிச்சா பாயின்ட். யாரும் போகாத மூலையைத் தேடிக் கண்டுபிடிச்சா பாயின்ட். பத்துப் பேரைச் சுட்டுட்டுப் போனவனும், அவங்க கண்ணுல படாமலே போனவனும் ஒரே மாதிரி வளரலாம். எந்த வேலைக்குப் பாயின்ட் கொடுக்கிறோமோ, ஆடுறவன் அந்த வேலையைத்தான் செய்வான். இன்டர்னல் மார்க்குக்காக மட்டும் அசைன்மென்ட் எழுதுற நமக்கு இது தெரியாதா என்ன!

ஒளிக்காம சொல்லிடு!

எட்டு வருஷம் கழிச்சு, 2008-ல் பெதெஸ்டாவோட ‘ஃபால்அவுட் 3’ வேற ரூட் பிடிச்சது. ‘வாட்ஸ்’னு ஒரு வசதி. பட்டனைத் தட்டினா உலகம் அப்படியே நிக்கும். எதிரியோட தலை, கை, கால் ஒவ்வொண்ணு மேலயும் இத்தனை சதவிகிதம் படும்னு நம்பர் தெரியும். எதைச் சுடணும்னு நீங்க தேர்ந்தெடுத்தா போதும், சுடுறதை கேம் பார்த்துக்கும். அது அந்த 1974 தாயக்கட்டையேதான். ஆனா உருட்டுறதுக்கு முன்னாடியே கணக்கைக் காட்டிடுது. அதனால குண்டு தவறினாலும் ‘ஏமாத்திட்டான்’னு தோணலை. ‘30 சதவிகிதத்துக்கு ஆசைப்பட்டது என் தப்பு’ன்னுதான் தோணுது.

2009-ல் கியர்பாக்ஸோட ‘பார்டர்லேண்ட்ஸ்’. இதுல குண்டு பட்டதும் எதிரி உடம்புல இருந்து நம்பர் நம்பரா தெறிக்கும். எதிரியோட லெவலும் கண்ணுக்குத் தெரியும். உங்களைவிட ரொம்ப மேல இருக்கிறவன்னா நம்பருக்குப் பதிலா மண்டை ஓடு! ‘தம்பி, இப்ப வேண்டாம், அப்புறமா வா’ன்னு அர்த்தம். கிட்டத்தட்ட எங்க கேம் மாதிரியேதான் கணக்கு. ஆனா அவங்க மறைக்கலை. நாங்க மறைச்சோம். அதனாலதான் பையன் மவுஸைத் திட்டினான்.

நேத்து வந்தவன் என்ன பண்ணுவான்?

தனியா ஆடுற வரைக்கும் இது உங்களுக்கும் கேமுக்கும் நடுவுல இருக்கிற வழக்கு. எதிரே இன்னொரு மனுஷன் உக்காந்துட்டா? அப்ப இது நியாயப் பிரச்னை.

2007-ல் ‘கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்’ வந்தப்போ மல்ட்டிபிளேயர்ல 55 ரேங்க் வச்சாங்க. ஆரம்பத்துல ரெடிமேட் ஆயுத செட்தான். 4-வது ரேங்க் வந்தாதான் உங்க இஷ்டப்படி செட் அமைக்கலாம். மேல போகப் போகப் புதுத் துப்பாக்கி, புது ‘பெர்க்’ திறக்கும். ஆனா ஒரு கோட்டை அவங்க தாண்டலை. ஒரே துப்பாக்கி, ஒரே பெர்க்குன்னா, 55-வது ரேங்க்காரன் குண்டும் முதல் ரேங்க்காரன் குண்டும் ஒரே பலம்தான். ரேங்க் கூடினா தேர்வு கூடும், குண்டோட வலு கூடாது. 55-ஐத் தொட்டவன் ‘ப்ரெஸ்டீஜ்’ எடுத்தா, திறந்ததெல்லாம் மூடி மறுபடி முதல் ரேங்க்! கையில மிஞ்சுறது ஒரு பேட்ஜ். அதுக்காக உலகம் முழுக்க ஆளாளுக்கு மறுபடி முதல்ல இருந்து ஆடினாங்க. மனுஷ மனசு அப்படி!

புதுசா வந்தவனுக்குச் சாமான் கம்மிதான், மறுக்கலை. ஆனா அவன் நெத்தியில சுட்டா எதிராளி விழுவான். அந்த உத்தரவாதம் போயிட்டா, நேத்து வந்தவன் இன்னைக்கே ஓடிடுவான்.

குகை வாசல்ல கும்பல்

எங்க ஸ்டால்ல கதவு முன்னாடி நின்னவனை முட்டாள்னு நினைச்சோம். தப்பு. 2014 செப்டம்பர்ல பங்கி கம்பெனியோட ‘டெஸ்டினி’ வந்தது. அதுல ஒரு குகையில எதிரிகள் சீக்கிரம் சீக்கிரமா முளைக்கிறதை யாரோ கண்டுபிடிச்சாங்க. அவ்வளவுதான்... கும்பல் கும்பலா தூரத்துல நின்னு குகை வாசலையே சுட ஆரம்பிச்சுட்டாங்க. எதிரி கீழே போடுற சாமானைப் பொறுக்குறது, மறுபடி சுடுறது. எத்தனையோ கிரகத்தைச் சுத்தலாம்னு கேம் பண்ணி வச்சா, ஜனங்க ஒரு பொந்து முன்னாடி நிக்கிறாங்க! அதே மாசத்துலயே பங்கி அந்த வழியை அடைச்சது.

இதுல ஆடுறவனைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? பாயின்ட் அங்கே இருக்கு, அவன் அங்கே நிக்கிறான்.

லெவல் விற்பனைக்கு!

இந்தப் பாதையோட கடைசி ஸ்டாப் 2017. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2’. சண்டையில பலத்தைக் கூட்டுற ‘ஸ்டார் கார்டு’களை லூட் பாக்ஸுக்குள்ள வச்சாங்க. உள்ளே என்ன வரும்னு தெரியாது, எல்லாம் அதிர்ஷ்டம். அந்த பாக்ஸை நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம்னு வந்துச்சு. இது போதாதுன்னு டார்த் வேடரா ஆடணும்னா 60,000 க்ரெடிட் சேர்க்கணும். ரசிகர்கள் கொந்தளிச்சதும் 15,000-க்கு இறக்கினாங்க. அப்பவும் அடங்கலை. நவம்பர்ல ரிலீஸுக்கு முந்தின நாள், பணம் கொடுத்து வாங்குற வசதியையே நிறுத்தினாங்க. 2018-ல் பலத்தைக் கூட்டுற கார்டுகளை லூட் பாக்ஸ்ல இருந்தே எடுத்துட்டாங்க. அதே வருஷம் பெல்ஜியத்தோட சூதாட்ட ஆணையம், வேற சில பிரபல கேம்களோட லூட் பாக்ஸை சூதாட்டம்னே அறிவிச்சது.

யோசிச்சுப் பாருங்க. குண்டோட வலு லெவல்ல இருக்குன்னு ஆன பிறகு, ‘லெவலையே வித்தா என்ன?’ங்கிற யோசனை ரொம்ப தூரத்துல இல்லை. ஒருத்தன் ராத்திரி பகலா ஆடிச் சேர்த்ததை இன்னொருத்தன் கார்டைத் தேய்ச்சு வாங்கிட்டு வந்து அவனையே சுடுவான். அதுக்குப் பேரு விளையாட்டா?

மறுபடி ஸ்டால்!

இவ்வளவும் ஆடிட்டு எங்க கோடை மறுபடி பிரிச்சோம். குண்டோட வலுவை லெவல்ல இருந்து கழட்டினோம். யார் சுட்டாலும் சாதா ரோபோ நெத்தியடிக்கு விழும். லெவல் ஏறினா கை நடுக்கம் குறையும், பூட்டுத் திறக்கிற, கேமராவை அணைக்கிற மாதிரி புதுசா ஒரு வித்தை கிடைக்கும். கொன்னா எக்ஸ்.பி. இல்லை, வேலையை முடிச்சா உண்டு, அதுவும் ஒரு வேலைக்கு ஒரே தடவை.

‘‘அப்படின்னா லெவலையே தூக்கிடலாமேடா’’ன்னு நான் கேட்டேன். எங்க டீம்ல இருக்கிற பொண்ணு விடலை. ‘‘நீங்கள்லாம் ஸ்கூல்லயே மவுஸ் பிடிச்சவனுங்க. எனக்கு வீட்டுல கம்ப்யூட்டர் வந்ததே காலேஜ் சேர்ந்த பிறகுதான். கை வேகத்தை மட்டும் நம்புற கேம்னா நான் முதல் ரூம்லயே செத்துடுவேன். லெவல் இருந்தாதான் நானும் கடைசி வரைக்கும் வர முடியும்’’னா. எங்க வாயடைச்சுப் போச்சு. நாங்க ஏமாத்து வேலைன்னு நினைச்ச நம்பர், அவளுக்கு உள்ளே வர்ற படிக்கட்டு. அதனால லெவல் இருக்கு. இருக்கணும்.

போன வாரம் லேப்ல டெமோ. அதே ஃபர்ஸ்ட் இயர் பையனைக் கூட்டிட்டு வந்தோம். முதல் குண்டுலயே ரோபோ விழுந்துச்சு, பையன் மூஞ்சியில பல்பு எரிஞ்சுது. ஓவர் கான்ஃபிடன்ஸ்ல ஓடிக்கிட்டே சுட்டு மூணாவது ரூம்ல காலி. ‘‘மவுஸ் சரியில்லையா?’’ன்னு கிண்டலா கேட்டேன். ‘‘இல்லண்ணா, நான்தான் நிக்காம ஓடிட்டேன். இன்னொரு தடவை ஆடட்டுமா?’’ன்னான்.

அந்த ஜட்ஜை மறுபடி பார்த்தா இப்ப பதில் இருக்கு... ‘‘ஜெயிக்கிறது ஆடுறவன்தான் சார். லெவல் அவனுக்கு வழி காட்டும். அவனுக்குப் பதிலா ட்ரிகரை அழுத்தாது.’’

எப்படியோ, இந்த ரெண்டு மாசத்துல எங்க நாலு பேருக்கும் ஒரு லெவல் ஏறியிருக்கு. அட்டெண்டன்ஸ்தான் ரெண்டு லெவல் இறங்கியிருக்கு!