கணக்குப் பாடத்தில் பிறந்த விண்மீன்

டிசம்பர்த் திங்களில் கிறிஸ்தவர் இல்லங்களின் முகப்பில் தொங்கும் விண்மீன் விளக்கு நமக்குப் புதியதன்று. கடைகளில் நெகிழித் தாளாலும் மின்சரத்தாலும் ஆயத்தமாக விற்கும் விளக்கை வாங்கி மாட்டுவது இன்று எளிதாகிவிட்டது. ஆயினும் இவ்விளக்கு தோன்றியதும் வளர்ந்ததும் வீட்டுக் கூடத்திலும் பள்ளி அறையிலுமே ஆகும். சிறுவர் கைகளே அதனை ஆக்கின. அதன் வகைகளுள் மிகச் சிறந்ததாகிய 25 கதிர் விண்மீனோ, ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்குப் பாடத்திலேயே பிறந்தது. கைவினை என்றாலே பாடத்திற்குப் புறம்பான பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இருத்தலின், இவ்வரலாறு ஆசிரியர்கள் அறியவேண்டிய ஒன்று எனக் கருதுகிறேன்.

நான்கு நற்செய்தி நூல்களுள் மத்தேயு எழுதியது ஒன்றே, கீழ்த்திசை ஞானியரை வழிநடத்திய விண்மீனைக் குறிப்பிடுகிறது. அதற்கு எத்தனை முனை என்று அந்நூல் கூறவில்லை. ஆதலின் ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் கைக்கும் கருவிக்கும் ஏற்ற வடிவினை அதற்கு அளித்தனர்.

தமிழகத்திலும், அங்கிருந்து குடியேறியோர் வாழும் நம் நாடுகளிலும், பிலிப்பைன்சிலும் பெரிதும் வழங்குவது ஐம்முனை விண்மீன். பிலிப்பைன்ஸ் மக்கள் இதனைப் பரோல் என்பர். விளக்கு எனப் பொருள்படும் பாரோல் என்ற ஸ்பானியச் சொல்லே அவ்வாறு திரிந்தது. இதன் அமைப்பு மிக எளிது. சம நீளமுள்ள மூங்கிற் சிம்புகள் பத்து வேண்டும். ஐந்து சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து முனைகளைக் கட்டினால் ஒரு விண்மீன். எஞ்சிய ஐந்தால் மற்றொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்மூலைகள் ஐந்திலும் விரல் நீளக் குச்சி ஒவ்வொன்றை இடையே நிறுத்தினால் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். மேலே வண்ணத்தாள் ஒட்டவேண்டியதுதான். பத்துச் சிம்பு, ஐந்து குச்சி, கொஞ்சம் நூல், கொஞ்சம் பசை. இதன் ஐந்து முனைக் கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும். ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களுக்கு வருவதும் அதுவே. அளந்து பார்க்கும் மாணவன் வியப்பான்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட 25 கதிர் விண்மீனுக்கு வருவோம்.

ஜெர்மனியின் கிழக்கெல்லையில், சாக்சனி மாநிலத்தில், மேல் லௌசிட்ஸ் என்றொரு நிலப்பகுதி உண்டு. சமயக் கொடுமைக்கு அஞ்சி மொரேவியாவிலிருந்து ஓடிவந்த எளிய குடிகளுக்குச் சின்சென்டார்ப் என்னும் கோமகன் தம் நிலத்தில் இடந்தந்தார். அவர்கள் 1722ஆம் ஆண்டில் அங்கு எழுப்பிய ஊரே ஹெர்ன்ஹூட். 'ஆண்டவரின் காவல்' என்பது இப்பெயரின் பொருள். சிற்றூரே எனினும் அதன் மக்கள் கடல் கடந்து நெடுந்தொலைவு சென்றனர். 1732இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும், அடுத்த ஆண்டு கிரீன்லாந்துக்கும், பின்னர்ச் சுரினாம், தென்னாப்பிரிக்கா, லாப்ரடார் ஆகிய இடங்களுக்கும் சமயப்பணிக்காகப் போயினர். மொரேவியச் சபையினர் நிறுவிய ஊர்கள் என்ற வகையில் ஹெர்ன்ஹூட்டும் வேறு சிலவும் 2024இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

இவர்கள் தமிழ் மண்ணுக்கும் வந்ததுண்டு. 1760இல் தரங்கம்பாடியை அடைந்து, ஊர்ப்புறத்தே தோட்டமும் குடியிருப்பும் அமைத்து வாழ்ந்தனர். நிக்கோபார்த் தீவுகளுக்குச் செல்வதே அவர்கள் நோக்கம். சென்றவர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக் குடியிருப்பும் முடிவுற்றது. இவர்கள் வழியாகவே விண்மீன் விளக்கு தமிழரிடம் வந்தது என்று யாரேனும் கூறின் அது பொருந்தாது. விண்மீன் அவர்தம் பள்ளியில் பெயர் பெற்றது அதற்குப் பின்னரே.

பெற்றோர் பனிநாட்டிலும் வெப்ப நாட்டிலும் பணிபுரிய, அவர்தம் பிள்ளைகள் இளம் வயதிலேயே பிரிக்கப்பட்டுக் கல்விக்காகத் தாயகம் அனுப்பப்பட்டனர். ஹெர்ன்ஹூட்டுக்கு வடக்கே நீஸ்கி என்னும் ஊரில் இருந்த விடுதிப்பள்ளி அத்தகைய பள்ளிகளுள் ஒன்று. கப்பல் வழியே ஒரு கடிதம் போய்வரப் பல திங்களாகும் காலம் அது. பெற்றோர் முகத்தைப் பல்லாண்டுகள் காணாமலே வளர்ந்த பிள்ளைகள் உண்டு. மீண்டும் காணாமலே போனவர்களும் உண்டு. ஆண்டிறுதியில் வீட்டு நினைவு மிகும் அந்த நாள்களில், அப்பிள்ளைகள் கையில் தாளும் கத்தரியும் தரப்பட்டன. திண்ம உருவங்களைப் பற்றிய வடிவியற் பாடம், தாளில் வெட்டி ஒட்டும் விண்மீனாக மாறியது. 1821ஆம் ஆண்டு சனவரியில் நீஸ்கிப் பள்ளியின் ஐம்பதாண்டு நிறைவு விழாவின்போது, 110 கதிர்கள் கொண்ட பெரியதொரு விண்மீன் முற்றத்தில் ஒளிர்ந்தது. கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளுள் முதல் ஞாயிறன்று விண்மீனைக் கோத்து மாட்டும் வழக்கம் விடுதிகளில் ஏற்பட்டு, அங்கே பயின்றோர் வழியே வீடுகளுக்கும் பரவியது.

அப்பள்ளியில் பயின்ற பீட்டர் ஹென்றிக் வெர்பேக் என்பவர் பிற்காலத்தில் ஹெர்ன்ஹூட்டில் புத்தகக் கடை நடத்தினார். ஆண்டுதோறும் புதிதாக ஒட்டிப் பின் கிழித்தெறியும் விண்மீனை, கழற்றி மீண்டும் பூட்டத்தக்கதாக அமைத்தவர் இவரே. 1897ஆம் ஆண்டு அளவில், உலோகக் கூட்டில் கதிர்களைச் செருகும் முறையை இவர் உருவாக்கி, அஞ்சல்வழி விற்கத் தொடங்கினார். ஹெர்ன்ஹூட்டில் அவ்விண்மீன்கள் இன்றும் கையாலேயே ஒட்டப்படுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் வடிவினைச் சற்று நுணுகிக் காண்போம். கதிர்களைக் களைந்துவிட்டால் நடுவே எஞ்சுவது 26 முகங்கள் கொண்ட ஒரு திண்மம். அவற்றுள் 18 சதுரங்கள். 8 சமபக்க முக்கோணங்கள். ஆர்க்கிமிடீசின் பெயரால் வழங்கும் பதின்மூன்று திண்மங்களுள் இஃது ஒன்று. இத்தாலியக் கணிதப் பேரறிஞர் லூக்கா பச்சோலியின் புகழ்பெற்ற ஓவியத்தில், அவர் அருகே பாதி நீர் நிரம்பிய கண்ணாடி உருவமாகத் தொங்குவது இதுவே. இதன் ஒரு சதுரம் விளக்கினைச் செலுத்துதற்குத் திறந்து விடப்படுகிறது. எஞ்சிய 17 சதுரங்களில் நாற்பக்கக் கதிர்களும், 8 முக்கோணங்களில் முப்பக்கக் கதிர்களும் நிற்கும். ஆக 25. முனைகள் 24, விளிம்புகள் 48, முகங்கள் 26. முனையையும் முகத்தையும் கூட்டி விளிம்பைக் கழித்தால் 2 வரும். ஆய்லரின் வாய்பாட்டை இதைவிட அழகாகக் காட்ட வேறு பொருள் வேண்டா.

கதிர் என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே ஆள்கிறேன். ஒளிக்கீற்று, நெற்கதிர், நூல் நூற்கும் கூர்ங்கோல் ஆகிய மூன்றனையும் தமிழ் இவ்வொரு சொல்லாற் குறிக்கும். மூன்றும் நீண்டு கூர்ந்தவை. இவ்விண்மீனின் முனைகளுக்கு 'முனை' என்பதைவிடக் 'கதிர்' என்பதே பொருந்தும்.

செய்முறை கூறுவேன். நடுக்கூட்டின் விளிம்பு 4 சென்டிமீட்டர் என்றும், கதிரின் சாய்விளிம்பு 12 சென்டிமீட்டர் என்றும் கொள்க. கதிருக்குத் தடித்த வெள்ளைத்தாள் வேண்டும். மெல்லிய தாள் நம் நாட்டு ஈரக்காற்றில் இரண்டு நாளில் தொய்ந்துவிடும். கவராயத்தில் 12 சென்டிமீட்டர் ஆரம் எடுத்து ஒரு வட்டவில் வரைக. அவ்வில்லின்மேல் 4 சென்டிமீட்டர் நாண்களை அடுத்தடுத்து இடுக. நாற்பக்கக் கதிருக்கு நான்கு நாண்; முப்பக்கக் கதிருக்கு மூன்று. ஒவ்வொரு நாணின் முனையையும் வட்ட மையத்தோடு இணைத்தால் விசிறிபோல் இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். ஒரு பக்க ஓரத்திலும், எல்லா அடி ஓரங்களிலும் அரைச் சென்டிமீட்டர் அகலத்தில் ஒட்டுவதற்குரிய இதழ் விட்டு வெட்டுக. மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பேனா முனையால் அளவுகோலை ஒட்டி அழுத்தி வரைந்தபின் மடிக்கவேண்டும். இதனைச் செய்யாமல் மடித்த கதிர் எவ்வளவு முயன்றும் நேராக நில்லாது. ஒரு விண்மீனுக்கு மொத்தம் 92 முக்கோணங்கள் ஆகின்றன. 17ஐ நான்காலும் 8ஐ மூன்றாலும் பெருக்கிக் கூட்டிச் சரிபார்க்கும் வேலையை மாணவரிடமே விடலாம்.

கூட்டினை அட்டையில் செய்க. எட்டுச் சதுரங்கள் வரிசையாக அமைந்த 32 சென்டிமீட்டர் பட்டை நடு வளையம். ஒரு சதுரத்தின் நாற்புறமும் நான்கு சதுரங்கள் ஒட்டிய சிலுவை வடிவம் மேல் மூடி. அதுபோன்ற மற்றொன்று அடிமூடி. சிலுவையின் நான்கு கைகளையும் வளையத்தின் ஒன்றுவிட்டு ஒரு சதுரத்தோடு இணைத்தால், இடையிடையே முக்கோண வெற்றிடம் தோன்றும். அவற்றைத் தனி முக்கோணங்களால் அடைக்க. இவற்றுக்கும் இணைப்பு இதழ்கள் விடல்வேண்டும். ஒளி வெளிவருதற்காக ஒவ்வொரு முகத்திலும் அரைச் சென்டிமீட்டர் ஓரம் நிறுத்தி உட்பகுதியை வெட்டி நீக்கவேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கூட்டினை முதலில் மூடிவிட்டுப் பின் கதிர்களை ஒட்ட முயல்வோர் பலர். உள்ளே விரல் செல்லாமையால் இதழ்களை அழுத்த இயலாது. கதிர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அட்டை மேசைமேல் தட்டையாகக் கிடக்கும்போதே கதிர்களை ஒட்டி, பசை நன்கு உலர்ந்தபின் மடித்துக் கூட்டை மூடுவதே முறை. கதிர்கள் வெளிப்புறமாக விரிவதால் ஒன்றையொன்று முட்டா. மேற்சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டித் தொங்கவிடுக. ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்கு ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் இருக்கும். முப்பக்கக் கதிர்கள் மற்றவற்றைவிட 4 மில்லிமீட்டர் அளவு வெளியே நீண்டு நிற்கும். அதற்குக் காரணம் பித்தாகரசு தேற்றத்தில் உள்ளது. மேல் வகுப்பு மாணவர் கணக்கிட்டுக் காணலாம். உள்ளே சூடேறாத சிறு எல்.இ.டி. விளக்கினையே இடுக. மெழுகுவர்த்தி கூடாது.

நிறத்தைப் பற்றி ஒன்று. தொடக்கத்தில் ஹெர்ன்ஹூட் விண்மீன்கள் வெள்ளையும் சிவப்புமாக விளங்கின. பல வண்ணங்களைக் கலப்பதைவிட இவ்விரண்டே கண்ணுக்கு இனியவை என்பது என் கருத்து.

இருபத்தைந்து கதிர்களையும் ஒருவரே செய்ய இரண்டு மூன்று மாலைப்பொழுதுகள் ஆகும். வகுப்பில் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொண்டால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். சிங்கப்பூரில் டிசம்பர் விடுமுறைக் காலமாதலின் நவம்பர்த் தொடக்கத்திலேயே செய்வித்தல் நலம். கோணலாக அமைந்த கதிரை விலக்கவேண்டுவதில்லை. அதனை மேற்புறத்தில் வைத்தால் தெரியாது.

விண்மீன் கோக்கும் அந்நாள்களில் லௌசிட்ஸ் வீடுகளில் உண்ணும் பணியாரத்தையும் குறிப்பிடாமல் விடலாகாது. அதன் பெயர் பெப்பர்கூகன், அதாவது மிளகுப் பணியாரம். அப்பகுதியைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் ஊரார் 1558இலேயே இதனைச் சுட்டு விற்கும் உரிமை பெற்றனர். மாவும் தேனும் சேர்த்துப் பிசைந்து, பாலோ முட்டையோ நெய்யோ இன்றிப் பல வாரங்கள் வைத்திருந்து, பின்னர் நறுமணப் பொருள் கூட்டிச் சுடுவர். வியப்பு யாதெனில், இதில் மிளகு பெரும்பாலும் இராது! இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம் முதலியனவே இருக்கும். கடல் கடந்து வந்த மணப்பொருள் அனைத்தையும் இடைக்கால ஜெர்மானியர் மிளகு என்ற ஒரே பெயரால் அழைத்தமையே காரணம். அச்சொல்லின் மூலத்தைத் தேடிப்போனால் இலத்தீனில் பைப்பர், கிரேக்கத்தில் பெப்பெரி, அதற்கும் அப்பால் இந்திய நாட்டின் பிப்பலி என்று முடியும். நாம் திப்பிலி என்பது அப்பிப்பலியேதான். பட்டை இலங்கையினின்றும், ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலையினின்றும் சென்றன. மலுக்குத் தீவுகளின் கிராம்போ நம் மலாக்கா நீரிணை வழியாகவே பல நூற்றாண்டுகள் மேற்கே போயிற்று. பனிநாட்டுக் கிறிஸ்துமஸ் பணியாரத்தின் மணம் நம் அஞ்சறைப் பெட்டியின் மணமே.

ஹெர்ன்ஹூட்டார் தம் விண்மீனைச் சனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாள் வரை தொங்கவிடுவர். அதன்பின் கதிர்களைக் கழற்றி, ஒன்றனுள் ஒன்றாகச் செருகி, நாற்பக்கத்தன வேறு முப்பக்கத்தன வேறாகப் பெட்டியில் அடுக்குவர். நாம் பசையால் ஒட்டிய விண்மீனைக் கழற்ற இயலாதாகையால், ஈரமும் கரப்பானும் அணுகாதபடி நெகிழிப்பை ஒன்றில் இட்டுக் கட்டி, உயரத்தில் தொங்கவிட்டே வைக்கவேண்டும்.