தனியா பார்த்தா 5 லட்சம்: பேய்ப் படத்துக்கு மட்டும் ஏன் துணை தேடுறோம்?

ஒரு படத்தை தியேட்டரில் தன்னந்தனியாக உட்கார்ந்து முழுசாகப் பார்த்தால் 5 லட்சம் ரூபாய் பரிசு. 2008-ல் தன்னுடைய 'ஃபூங்க்' என்ற இந்திப் படத்துக்காக இயக்குநர் ராம் கோபால் வர்மா விட்ட சவால் இது. பில்லி சூனியத்தை வைத்து எடுத்த படம்.

அந்தச் சவாலில் கவனிக்க வேண்டிய வார்த்தை, 'தனியாக'. நண்பர்களோடு போய் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தால் டிக்கெட் காசு நாமதான் கொடுக்கணும். அதே படம், அதே திரை, அதே சவுண்ட். சுற்றியிருக்கும் சீட்டெல்லாம் காலியாக இருந்தால் மட்டும் அதைப் பார்ப்பது 5 லட்சம் பெறும் வேலையாகிவிடுகிறது.

நம்ம வீட்டிலும் இதே கதைதான். "செம படம்டா, ஆனா நைட்ல தனியா பார்த்துடாத" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் படம் ஓடிடி வாட்ச்லிஸ்ட்டில் மாசக்கணக்கா அப்படியே கிடக்கும். ரூம்மேட் ஊரிலிருந்து வரட்டும், தங்கச்சி லீவுக்கு வரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம்.

பக்கத்தில் உட்காரப்போகிறவருக்குப் பேயை ஓட்டத் தெரியாது. அது நமக்கும் தெரியும். பிறகு எதற்குத் துணை?

பயத்தை விற்ற வியாபாரிகள்

இதை சினிமாக்காரர்கள் ரொம்ப முன்னாடியே புரிந்துகொண்டார்கள். 1958-ல் வெளியான 'மகாபர்' படத்துக்கு அமெரிக்க இயக்குநர் வில்லியம் காசில் ஒரு வேலை செய்தார். படம் பார்க்கும்போது பயத்தில் யாராவது இறந்துபோனால் 1,000 டாலர் கிடைக்கும்படி, லாயிட்ஸ் ஆஃப் லண்டன் மூலமாக ரசிகர்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தார். அடுத்த வருஷம் 'தி டிங்லர்' படத்துக்கு, சில தியேட்டர்களில் சீட்டுக்கு அடியில் அதிரும் மோட்டார்களைப் பொருத்தினார்.

50 வருஷம் கழித்து 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' வந்தது. இயக்குநர் ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலர் செலவில் எடுத்த படம். 2009-ல் வந்த அதன் ட்ரெய்லரில் படக் காட்சிகளுக்குச் சமமாக இன்னொன்றையும் காட்டினார்கள்: இருட்டுத் தியேட்டரில் அலறும், ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளும் ரசிகர்களை. உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூல்.

கூட்டமாகப் பயப்படுவது ஒரு கொண்டாட்டம், தனியாகப் பயப்படுவது ஒரு சோதனை. முதலாவதை பெலியின் படம் விற்றது. இரண்டாவதை வர்மா பந்தயம் ஆக்கினார்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நம் மூளையில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. பாதாம் பருப்பு சைஸ்தான். ஆபத்து மாதிரி எது தெரிந்தாலும் அலாரம் அடிப்பதில் இதற்கு முக்கியப் பங்கு. நரம்பியலாளர் ஜோசப் லெடூவின் விளக்கப்படி, கண்ணும் காதும் கொடுக்கும் தகவல் இங்கே இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று குறுக்குவழி. அவசரமானது, அரைகுறையானது. இன்னொன்று சுற்றுவழி. நிதானமாகப் பார்த்து, "இது வெறும் படம்தான்" என்று சொல்வது.

சுற்றுவழித் தகவல் வந்து சேர்வதற்குள் குறுக்குவழி தன் வேலையைக் காட்டிவிடும். இதயம் படபடக்கும், கை வியர்க்கும், தோள்பட்டை தூக்கும். 'ஜம்ப் ஸ்கேர்' காட்சிகள் குறிவைப்பது இந்த நொடியைத்தான். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் நாம் துள்ளுவதற்கு இதுவே காரணம்.

லைட்டை அணைத்தால் இன்னும் மோசம். திடீர் சத்தத்துக்கு நாம் துள்ளும் வேகம் இருட்டில் அதிகமாகிறது என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. இரவில் நடமாடும் எலிகளுக்கு இது நேர் எதிர். பளீரென்ற வெளிச்சத்தில்தான் அவை அதிகமாகத் துள்ளும். யாருக்கு எங்கே ஆபத்து அதிகமோ, அங்கே உடம்பு உஷாராக இருக்கிறது.

பக்கத்தில் ஆள் இருந்தால் என்ன மாறுது?

கூட்டமாக மேயும் விலங்குகளைக் கவனித்திருக்கிறீர்களா? கூட்டம் பெரிதாக ஆக, ஒவ்வொரு விலங்கும் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கும் நேரம் பொதுவாகக் குறையும். காவல் வேலையை எல்லோரும் பகிர்ந்துகொள்வதால், மேய அதிக நேரம் கிடைக்கும். தனியாக நிற்கும் விலங்குக்கு அந்த வசதி கிடையாது.

ரூமில் தனியாகப் பேய்ப் படம் பார்ப்பவரின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான். முன்னாடி திரை, பின்னாடி கதவு, பக்கத்தில் ஜன்னல். படத்தையும் பார்க்கணும், முதுகுக்குப் பின்னாலும் பார்க்கணும்.

உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். ஒருமுறை யார் கையையும் பிடிக்கவில்லை. ஒருமுறை அறிமுகமில்லாத ஒருவரின் கை. ஒருமுறை கணவரின் கை. கணவர் கையைப் பிடித்திருந்தபோது, ஆபத்துக்கு மூளை காட்டிய பதற்றம் கணிசமாகக் குறைந்தது. முன்பின் தெரியாதவரின் கைக்கும் ஓரளவு பலன் இருந்தது. ஆக, முழு தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர் யாரென்றே தெரியாவிட்டாலும் அவர் உங்களுக்குக் கொஞ்சம் உதவிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைக்க இடமிருக்கிறது.

கூட்டத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாரோ ஒருவர் கத்துவார், பின் வரிசையில் ஒருவர் கமென்ட் அடிப்பார், மொத்த தியேட்டரும் சிரிக்கும். பயத்தால் ஏறிய படபடப்பு அப்படியே சிரிப்பாக மாறிவிடும். ஒரு உணர்ச்சியில் ஏறிய வேகம் அடுத்த உணர்ச்சியையும் பெரிதாக்கும் என்று ஊடக ஆய்வாளர் டால்ஃப் சில்மேன் விளக்கியிருக்கிறார்.

தமிழ் சினிமா இதை ஒரு ஃபார்முலாவாகவே ஆக்கிவிட்டது. 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் ராகவா லாரன்ஸ் நடித்த ஹீரோவுக்கு ராத்திரி பாத்ரூம் போகவே அம்மா துணை வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்குப் போனதும் அவர்களில் எத்தனை பேர் யாரைத் துணைக்கு எழுப்பினார்களோ!

எந்தப் படங்கள் தனியாப் பார்க்கவே விடாது?

பேய் எவ்வளவு கோரமாக இருக்கிறது என்பதைவிட, அது எங்கே வருகிறது என்பதுதான் பெரிய விஷயம். காட்டு பங்களாப் பேயை நாம் தியேட்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். நம் வீட்டில் இருக்கும் பொருளிலிருந்து வரும் பேயை என்ன செய்வது?

ஜப்பானிய 'ரிங்கு' (1998): சபிக்கப்பட்ட ஒரு வீடியோவைப் பார்த்தால் 7 நாளில் மரணம். டிவிக்குள்ளிருந்தே பேய் வெளியே வரும். நீங்கள் அதைப் பார்ப்பதும் ஒரு திரையில்தான்.

'பூத்' (2003): மும்பை அடுக்குமாடி ஃப்ளாட், பாட்டு கிடையாது. கணவர் வேலைக்குப் போனால் மனைவி வீட்டில் தனியாக.

'யாவரும் நலம்' (2009): 13பி என்ற புது ஃப்ளாட். தினமும் ஓடும் டிவி சீரியலில் அந்த வீட்டுக் கதையே வரும். மாதவனுக்கு மட்டும் லிஃப்ட் வேலை செய்யாது.

'டிமான்ட்டி காலனி' (2015): நாலு நண்பர்கள், ஒரு வாடகை ரூம், வெளியே போக முடியாது. கூட ஆள் இருந்தால் தப்பிக்கலாம் என்ற நம் நம்பிக்கையையே இந்தப் படம் உடைத்துவிடும்.

டிவி, லிஃப்ட், ஃப்ளாட், வாடகை ரூம். படம் முடிந்து நாம் எழுந்து நடப்பது இவற்றுக்கு நடுவில்தான்.

ஹெட்போன் போட்டால் ஏன் பயம் டபுள்?

இப்போது நிறைய பேருக்கு தியேட்டர் என்பது 6 இன்ச் போன்தான். திரை சின்னது, பயமும் சின்னதாக இருக்கணுமே? அப்படி இல்லை. காரணம், காது.

திகில் படங்களில் பாதி வேலையைச் செய்வது ஒலி. கீச்சிடும், உடைந்த, திடீரென்று எகிறும் சத்தங்கள் அலறலை ஒத்திருக்கும். ஆபத்தில் விலங்குக் குட்டிகள் எழுப்பும் குரலும் இப்படித்தான் இருக்கும். கொலராடோவில் மர்மோட் என்ற விலங்கின் அலறலை ஆராய்ந்த டேனியல் பிளம்ஸ்டீன் குழுவினர், பிறகு சினிமா ஒலிகளையும் அலசினார்கள். திகில் படங்களிலும் இதே வகைச் சத்தங்கள் இருப்பதை 2010-ல் எழுதினார்கள். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் காட்சியில் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கிறீச்சிட வைத்தது நினைவிருக்கும்.

ஹெட்போன் போட்டால் அந்தச் சத்தம் தலைக்குள்ளேயே கேட்கும். அதோடு ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு டிவி, தெருவில் போகும் பைக் எல்லாம் காணாமல் போய்விடும். சுற்றி மனிதர்கள் இருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவை அவைதான். பின்னால் யாராவது வந்தாலும் கேட்காது. அதனால்தான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம்.

படம் முடிந்தும் பயம் முடியலையே?

'சைக்கோ'வில் நடித்த ஜேனட் லீ, அந்தக் காட்சியைத் திரையில் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதைத் தவிர்த்ததாகச் சொன்னார். அது எப்படிப் படமானது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவருக்கே அந்த நிலைமை.

1999-ல் ஜோன் கேன்டர், கிறிஸ்டன் ஹாரிசன் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் விசாரித்தார்கள். சின்ன வயசில் பார்த்த ஏதோ ஒரு படமோ நிகழ்ச்சியோ நீண்ட நாள் பயமுறுத்தியதாகப் பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். அந்தப் பயம் இன்னும் விட்டுப்போகவில்லை என்றவர்கள் சுமார் கால்வாசிப் பேர்.

சிலருக்கு விஷயம் இன்னும் தீவிரம். 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) பார்த்த பிறகு தூக்கமின்மை, பதற்றம் என்று சிகிச்சைக்கு வந்த 4 பேரைப் பற்றி 1975-ல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளியானது. அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே இருந்த இழப்பும் மனப்போராட்டமும் படத்தோடு மோதியதாக அது சொன்னது. டாப்ஸி நடித்த 'கேம் ஓவர்' (2019) நாயகிக்கு இருட்டு என்றாலே நடுக்கம். அதற்குப் பின்னால் அவர் அனுபவித்த ஒரு கொடுமை இருக்கும். ஒருவர் ஏன் பயப்படுகிறார் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அப்போ பார்க்கவே கூடாதா?

தாராளமாகப் பார்க்கலாம். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்குப் பயத்தை ஆராயவே ஒரு ஆய்வகம் இருக்கிறது. பேய் வீடு ஒன்றுக்குள் போனவர்களின் இதயத் துடிப்பை அந்தக் குழு அளந்து பார்த்தது. பயம் ரொம்பக் குறைந்தாலும் ஜாலி இல்லை, ரொம்பக் கூடினாலும் ஜாலி இல்லை. நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும்.

அந்த அளவை நீங்களே கூட்டிக் குறைக்கலாம்:

• லைட்டைப் போட்டுப் பாருங்கள். பகலில் பார்த்தால் இன்னும் நல்லது.

• ஹெட்போன் வேண்டாம். சவுண்டைக் குறைத்தாலே பாதி பயம் இறங்கும்.

• கதைச்சுருக்கத்தை முன்னாடியே படித்துவிடுங்கள். ஸ்பாய்லர் இங்கே நண்பன்.

• ரூமில் ஆள் இல்லையா? வேறு ஊரில் இருக்கும் நண்பரோடு போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் பாருங்கள்.

• முடிந்ததும் உடனே படுக்காமல், மேக்கிங் வீடியோவோ ஒரு காமெடி சீனோ பாருங்கள்.

• சின்னக் குழந்தைகளிடம் "அது நிஜமில்லை" என்ற விளக்கம் அவ்வளவாக எடுபடாது. பக்கத்தில் உட்கார்ந்து அணைத்துக்கொள்வதுதான் உதவும்.

வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, தனியாக இருக்கவே முடியவில்லை என்றால் அதை விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த வீக்எண்ட் ஹாஸ்டலிலோ பிஜியிலோ பேய்ப் படம் போடும்போது, ஒருவர் "நான் வரலப்பா" என்று சொன்னால் கலாய்த்து இழுத்து உட்கார வைக்காதீர்கள். அவர் வந்து உட்கார்ந்துவிட்டால், படம் முடிந்த பிறகு தண்ணி குடிக்க ஹால் வரைக்கும் கூடப் போய்விட்டு வாருங்கள்.