சேரன்மாதேவியின் தனிப்பந்தி

சென்ற வாரம் சாந்திநிகேதனத்து மரநிழலில் இருந்தோம். இந்த வாரம் தாமிரபரணிக் கரை.

ஆங்கிலேயன் வைத்த பள்ளிக்கூடம் குமாஸ்தாக்களைத்தான் உருவாக்கும், நம் பிள்ளைகளுக்கு நம் சமயமும் இலக்கியமும் தெரிந்திருக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசிய காலம் அது. வ.வே.சு. ஐயர் பேச்சோடு நிற்கவில்லை. 1922-ல் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகி, புதுச்சேரியில் பத்தாண்டு அடைக்கலம் இருந்தவர். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பெல்லாரிச் சிறையில் உட்கார்ந்து கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியவர். இப்படிப்பட்ட வேலைக்கு அவரைவிடத் தகுதியானவர் அன்று யாரும் இல்லை.

தமிழ்வழிப் படிப்பு, சமயக் கல்வி, தேகப்பயிற்சி, கைத்தொழில் எல்லாம் அங்கே உண்டு. 2020 கல்விக் கொள்கை ‘இந்திய அறிவு மரபு’ என்று சொல்வதில் பெரும்பகுதி அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பிராமணரல்லாத செல்வந்தர்களும் தாராளமாகக் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதலில் 5,000 கொடுத்தது.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. பிராமணப் பையன்கள் இருவருக்குத் தனிப்பந்தி. பெற்றோர் கேட்டார்கள், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தவன் சாப்பாட்டு வேளையில் எழுந்து வேறு இடத்துக்குப் போகிறான். மற்றப் பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். இரண்டே பேர்தானே என்று இன்றும் சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள். எத்தனை பேர் என்பதா கேள்வி? ஊரார் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளி அது.

வரதராஜுலு நாயுடு பத்திரிகையில் எழுதினார். மீதிப் பணத்தைத் தர ஈ.வெ. ராமசாமி மறுத்தார். காந்தி வரை பஞ்சாயத்துப் போயும் தீரவில்லை. 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்த நிறுவனமும் பிறப்பை வைத்து வேற்றுமை காட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதை ஏற்காமல் சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ராஜாஜி அவர்களில் ஒருவர். இதைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். அந்த ஜூனில் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரை தவறி விழ, காப்பாற்றக் குதித்தவரும் போய்விட்டார். வயது 44.

சாதி பார்க்கும் மனிதரல்ல ஐயர். பழகியவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மரபு என்ற பெயரில் எது உள்ளே வரலாம், எது வாசலோடு நிற்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் பெற்றோரின் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டார். குருகுலம் அங்கேதான் தோற்றது. பாடத்திட்டத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

அடுத்த வாரம்: அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய கோவை ராமகிருஷ்ண வித்யாலயம்.

(தொடரும்)