நம்பித் தாண்டும் குதிரை

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்களுக்குக் குதிரை இரண்டு வழிகளில் அறிமுகமானது. ஒன்று, தோட்டத்துக் கோயில். மதுரை வீரனும் முனீஸ்வரரும் காவல் நிற்கும் இடங்களில் சுதையாலான குதிரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பலர். மற்றொன்று, பாட்டன் பாட்டி சொன்ன பழங்கதை. நல்ல சாலைகள் இல்லாத அந்தக் காலத்தில் துரைமார்கள் குதிரையேறிப் பால்மரக் காடுகளைச் சுற்றி வந்தனர். விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்கும்போதே குளம்படி ஓசை கேட்கும் என்று முதியோர் சொல்வதுண்டு.

இன்று பால்மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை வளர்கிறது. எனினும் நிலத்தின் அமைப்பு மாறவில்லை. ஏற்ற இறக்கமான செம்மண் பாதை, குறுக்கே விழுந்து கிடக்கும் மரம், நீர் வடியும் கால்வாய், சிற்றோடை ஆகியவை தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்தவை. இத்தகைய நிலத்தில் ஒரு குதிரையை நிற்காமல் ஓட்டிச் செல்ல முடியுமா? இந்தக் கேள்வியை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டு ஒன்று உலகில் இருக்கிறது. அதன் பெயர் ‘ஈவன்டிங்’. தமிழில் இதனை முப்பிரிவுக் குதிரையேற்றப் போட்டி எனலாம்.

போர்க்களத்திலிருந்து விளையாட்டுத் திடலுக்கு

இந்தப் போட்டி இராணுவத்தில் பிறந்தது. போர்க்குதிரைக்கு மூன்று தகுதிகள் தேவைப்பட்டன. அணிவகுப்பில் அது கட்டளைக்குப் பணிந்து நடக்க வேண்டும். போர்க்களத்தில் மேடு பள்ளம் பாராமல் விரைந்து ஓட வேண்டும். கடும் ஓட்டத்திற்குப் பிறகும் அடுத்த வேலைக்குத் தெம்புடன் இருக்க வேண்டும். இம்மூன்றையும் சோதிக்கும் போட்டி 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. தொடக்கத்தில் இராணுவ அதிகாரிகள் மட்டுமே இதில் பங்கேற்றனர். பின்னர்ப் பொதுமக்களுக்கும், 1964-ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் வழி திறந்தது. ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பிரிவாக அல்லாமல் நேருக்கு நேர் மோதும் விளையாட்டுகளுள் குதிரையேற்றமும் ஒன்றாகும்.

பெரிய போட்டிகள் மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு நீடிக்கும். புதியவர்களுக்கோ மூன்று பிரிவுகளையும் ஒரே நாளில் முடிக்கும் ஒருநாள் போட்டிதான் முதற்படி.

மூன்று பிரிவுகள்

முதற்பிரிவு ‘டிரசாஜ்’ எனப்படும் பயிற்சி நடை. இருபது மீட்டர் அகலமுள்ள செவ்வகத் திடலில், முன்கூட்டியே வகுக்கப்பட்ட அசைவுகளைக் குதிரை செய்து காட்ட வேண்டும். நடத்தல், துள்ளுநடை, பாய்ச்சல், வட்டமிடுதல், நிற்றல் என ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் இடுவர். வீரரின் கட்டளை பார்வையாளரின் கண்ணுக்குத் தெரியாத அளவு நுட்பமாக இருப்பதே சிறப்பு.

இரண்டாவது, தடை தாண்டுதல். வண்ணக் கழிகளை அடுக்கி அமைத்த தடைகளைக் குதிரை வரிசைப்படி தாண்ட வேண்டும். குளம்பு பட்டால் கழி கீழே விழுந்துவிடும். விழும் ஒவ்வொரு தடைக்கும் நான்கு தண்டனைப் புள்ளிகள்.

மூன்றாவது, குறுக்கோட்டம். பள்ளிகளில் மாணவர்கள் ஓடும் குறுக்கோட்டத்தைப் போலவே இதுவும் திறந்த வெளியில் நடைபெறும். மரக்கட்டை, பள்ளம், மேடு, நீர்நிலை என இயற்கையில் காணப்படுவன போன்ற தடைகள் வழியெங்கும் இருக்கும். குதிரை ஒரு தடையைத் தாண்ட மறுத்தால் இருபது தண்டனைப் புள்ளிகள். குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு வினாடிக்கும் 0.4 புள்ளி.

பயிற்சி நடையில் இழந்த மதிப்பெண்ணும் தண்டனைப் புள்ளியாக மாற்றப்படும். மூன்று பிரிவுகளின் தண்டனைப் புள்ளிகளையும் கூட்டும்போது மிகக் குறைவாகப் பெற்றவரே வெற்றியாளர். பெரிய போட்டிகளில் தடை தாண்டுதல் இறுதி நாளில் நடைபெறும். ஒருநாள் போட்டிகளில் பெரும்பாலும் குறுக்கோட்டமே இறுதியாக வரும்.

ஒரு கழியின் விலை

ஒரு சிறு தவறு எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு 2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி நல்ல சான்று. இந்தியாவின் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா, சென்யோர் மெடிகாட் என்ற குதிரையுடன் அதில் பங்கேற்றார். பயிற்சி நடையும் குறுக்கோட்டமும் முடிந்தபோது 22.40 புள்ளிகளுடன் அவரே முன்னணியில் இருந்தார். எஞ்சியிருந்தது தடை தாண்டுதல் மட்டுமே. அதில் நான்கு தண்டனைப் புள்ளிகள் சேர்ந்தன. அவருடைய மொத்தப் புள்ளிகள் 26.40 ஆயின. 22.70 புள்ளிகள் பெற்ற ஜப்பானிய வீரர் யோஷியாகி ஒய்வா தங்கப் பதக்கத்தை வென்றார். ஃபவாத் மிர்சாவுக்கு வெள்ளி கிடைத்தது.

அந்த நான்கு புள்ளிகள் இல்லாதிருந்தால் 0.30 புள்ளி வேறுபாட்டில் தங்கம் அவருடையதாகியிருக்கும். ஆனாலும் அந்த வெள்ளி சிறிய வெற்றி அன்று. 1982-ஆம் ஆண்டு தில்லியில் ரகுபீர் சிங் தங்கம் வென்ற பிறகு, குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவர் ஆசிய அளவில் பெற்ற முதல் தனிநபர் பதக்கம் அது. இந்திய அணியும் வெள்ளி வென்றது. அதே ஜகார்த்தாவில் மலேசியாவின் கபில் அம்பாக் தனிநபர் பயிற்சி நடைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பது நம் நாட்டுக்கும் பெருமை சேர்த்த செய்தியாகும்.

முதல் போட்டி நாள்

இத்தகைய வீரர்களும் ஒரு காலத்தில் புதியவர்களாகவே இருந்தனர். முதன்முறையாக ஒருநாள் போட்டியில் கலந்துகொள்பவருக்கு அந்த நாள் இருள் பிரியும் முன்னரே தொடங்கிவிடும். முதலில் குதிரைக்குத் தீனியும் தண்ணீரும் வைக்க வேண்டும். உடலைத் துலக்கிச் சேற்றைப் போக்க வேண்டும். குளம்புகளைத் தூக்கிக் கல் சிக்கியிருக்கிறதா, லாடம் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேணத்தின் வார்களைச் சரிபார்க்க வேண்டும். தம் பசியை அவர் நினைப்பது இவற்றுக்குப் பிறகுதான்.

அதன் பிறகு மிக முக்கியமான வேலை ஒன்று காத்திருக்கிறது. வீரர் குறுக்கோட்டப் பாதை முழுவதையும் கால்நடையாக நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடையிலும் வலப்பக்கம் சிவப்புக் கொடியும் இடப்பக்கம் வெள்ளைக் கொடியும் இருக்கும். அவ்விரண்டுக்கும் நடுவேதான் தாண்ட வேண்டும். எந்த இடத்தில் மண் வழுக்கும்? எந்தத் தடை மரநிழலில் மறைந்திருக்கிறது? ஓடையில் எங்கே இறங்கி எங்கே ஏறுவது? எங்கே வேகத்தைக் குறைப்பது? இவை அனைத்தையும் அவர் நடந்தே மனத்தில் பதித்துக்கொள்கிறார்.

ஆனால், குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. போட்டிக்கு முன்னர் அந்தத் தடைகளைக் குதிரைக்குக் காட்டக்கூடாது என்பது விதி. முதன்முறை பார்க்கும் கணத்திலேயே அது தாண்டியாக வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னே உள்ள சிறு பகுதி அதன் பார்வைக்கு எட்டாது. எனவே, தடையை மிகவும் நெருங்கிவிட்ட நிலையில் அது கண்ணை மட்டும் நம்பித் தாண்டுவதில்லை. முதுகில் இருப்பவரையும் நம்பியே தாண்டுகிறது.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. குதிரையின் இயல்பும் அதுவே. கலங்கிய நீரைக் கண்டால் அது தயங்கும். நீரின் ஆழம் அதற்குத் தெரியாது. தொடக்கநிலைப் போட்டிகளில் நீர் குதிரையின் கணுக்காலைச் சற்றே நனைக்கும் அளவுதான் இருக்கும். அது வீரருக்குத் தெரியும், குதிரைக்குத் தெரியாது. அந்தத் தயக்கத்தை எப்படிப் போக்குவது?

நன்கு பயின்ற வீரர் அடித்து விரட்டமாட்டார். முதுகை நிமிர்த்தி அமர்வார். கால்களால் மெல்ல அணைத்து, ‘போகலாம்’ என்று உணர்த்துவார். கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்கமாட்டார். வீரர் நடுங்கினால் அந்த நடுக்கம் சேணத்தின் வழியே குதிரைக்கும் சென்று சேரும். வீரர் நிதானமாக இருந்தால் குதிரையும் ஓர் அடி எடுத்து வைக்கும். அந்த ஓர் அடிக்குப் பின்னால் பல மாதப் பயிற்சி இருக்கிறது. சிறு குட்டையில் நடக்கவைத்தல், தரையில் கிடத்திய கழியைக் கடக்கவைத்தல், மற்றொரு குதிரையின் பின்னால் ஓடையில் இறக்குதல் எனச் சிறிது சிறிதாகச் சேர்த்த நம்பிக்கை அது.

நிறுத்துவதும் திறமையே

குதிரை தொடர்ந்து மறுத்தால் என்ன செய்வது? தொடர்ந்து மறுக்கும் குதிரையுடன் வீரர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். அதற்கு முன்பே வீரர் தாமாகக் கையை உயர்த்தி விலகிக்கொள்ளவும் முடியும். பல மாதங்கள் உழைத்தவருக்கு அந்தக் கையை உயர்த்துவது எளிதன்று. ஆயினும், களைத்த குதிரையை வற்புறுத்தினால் இருவருக்குமே ஆபத்து. ஐந்நூறு கிலோகிராம் எடையுள்ள விலங்கு தடையில் இடறிக் கவிழ்ந்தால், விளைவு உயிருக்கே கேடாகலாம். 1999-ஆம் ஆண்டில் பிரிட்டனில் மட்டும் ஐந்து வீரர்கள் இப்போட்டிகளில் உயிரிழந்தனர்.

அதன்பின் பாதுகாப்பு முறைகள் வலுவாயின. தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணியாமல் எவரும் குறுக்கோட்டத்தில் இறங்க முடியாது. பலமாக மோதினால் முறிந்து, மரக்கட்டையைக் கீழே விழவிடும் ஊசிகள் பல தடைகளில் பொருத்தப்படுகின்றன. 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் பெண் வீரரான அமெரிக்காவின் லானா டுபான்ட், குறுக்கோட்டத்தில் இரு முறை குதிரையோடு விழுந்தும் மீண்டும் ஏறி ஓட்டத்தை முடித்தார். அவருடைய அணி வெள்ளி வென்றது. அன்று அது வீரமாகப் போற்றப்பட்டது. இன்றோ, ஒரு முறை விழுந்தாலே அந்த வீரர் அத்துடன் நிறுத்தப்படுவார். மனவுறுதி குறைந்துவிட்டது என்பது இதன் பொருள் அன்று. உயிரின் மதிப்பு கூடுதலாக உணரப்பட்டுள்ளது என்பதே பொருள்.

ஓட்டம் முடிந்த பின்னும் வீரரின் கடமை முடிவதில்லை. வெப்பநாடுகளில் குதிரையின் உடல் விரைவில் சூடேறும். உடனே சேணத்தைக் கழற்றி, குளிர்ந்த நீரை மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டும். மூச்சு சீராகும்வரை மெல்ல நடத்த வேண்டும். தோக்கியோ ஒலிம்பிக்கில் வெயிலுக்கு அஞ்சிக் குறுக்கோட்டத்தைக் காலையிலேயே தொடங்கினர். 2021-இல் நடந்த அந்த ஒலிம்பிக்கில் ஃபவாத் மிர்சா அதே குதிரையுடன் ஓடினார். குறித்த நேரத்தைவிட 28 வினாடிகள் கூடுதலாக எடுத்ததால் 11.20 புள்ளிகளை ஏற்றார். ஆனால், ஒரு தடையிலும் குதிரை மறுக்கவில்லை. இறுதிச் சுற்றுக்குத் தகுதிபெற்று 23-ஆம் இடத்தைப் பிடித்தார். அதே போட்டியில் ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி, இப்பிரிவில் தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண் என்னும் சிறப்பைப் பெற்றார்.

முதல் போட்டிக்குச் செல்பவர் பதக்கம் பெறாமல் திரும்பலாம். கடைசி இடத்தையும் பெறலாம். ஆனால், மாலையில் லாயத்துக்குத் திரும்பும்போது குதிரை காயமின்றி இருக்கிறதா, நாளை மீண்டும் அவரை நம்பித் தண்ணீரில் கால் வைக்குமா என்பதே அவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பேசத் தெரியாத ஓர் உயிர், தான் அறியாத பாதையில் மனிதரை நம்பி ஓடுகிறது. அந்த நம்பிக்கைக்குத் தகுதியுடையவராக நடந்துகொள்வதே குதிரையேற்றத்தின் முதல் பாடம். முதல் வெற்றியும் அதுவே.