கம்ப்யூட்டர் எப்போது வாய் திறக்க வேண்டும்?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ‘ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம்’ என்று பலகை மாட்டிய கடைகளில் இது அடிக்கடி நடக்கக்கூடியதுதான். காலையில் சிஸ்டத்தைப் போட்டு குரோமைத் திறந்தால், மூலையில் ஒரு சின்னப் பெட்டி முளைக்கிறது: குரோம் சரியாக மூடப்படவில்லை, பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரட்டுமா? முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டிருக்கிறது. கடைப் பையன் பெட்டியைப் படிக்காமலே மூடிவிடுகிறான்.

மூடியதே நல்லது. ‘ரீஸ்டோர்’ அழுத்தியிருந்தால், நேற்று வந்த யாரோ பாதியில் விட்டுப்போன வருமானச் சான்று விண்ணப்பம் இன்று வந்தவரின் கண்முன் விரியக்கூடும். சில தளங்களில் லாகின்கூட அப்படியே உயிரோடு இருக்கும். விண்ணப்பத்தை இழந்தவர் ஒருவர், அறிவிப்பைப் பார்ப்பவர் இன்னொருவர். ஆளுக்கொரு லேப்டாப் என்ற நினைப்பில் வடிவமைத்த மென்பொருளுக்கு, ஒரே நாற்காலியில் ஒரு நாளைக்கு நாற்பது பேர் உட்காரும் கடை கண்ணிலேயே படவில்லை.

ஒரு மென்பொருள் கிராஷ் ஆனால், திரும்பத் திறக்கும்போது அதைப் பயனரிடம் சொல்ல வேண்டுமா, எப்போது, எத்தனை முறை? கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்வியில் பெரிய நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை யாரும் மறந்திருக்க முடியாது. புரோகிராம் விழுந்ததும் ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு பெட்டி வரும். கீழே இரண்டே பொத்தான்கள்: அறிக்கையை அனுப்பு, அனுப்பாதே. அந்த அறிக்கைகளால் மைக்ரோசாஃப்ட்டுக்கு லாபம் உண்டு. 20 சதவீதப் பிழைகளே 80 சதவீதக் கோளாறுகளுக்குக் காரணம், அதிலும் ஒரே ஒரு சதவீதப் பிழைகள் பாதிக் கோளாறுகளை உண்டாக்குகின்றன என்று 2002இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் எழுதினார். எதை முதலில் சரிசெய்வது என்பது இப்படித்தான் தெரியவந்தது. ஆனால் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தவருக்கு? டைப் அடித்த கடிதம் போனது போனதுதான்.

உபுண்டு லினக்ஸ் இன்னொரு விதமாகச் சறுக்கியது. 2012 ஏப்ரலில் வந்த 12.04 பதிப்பிலிருந்து, ‘அப்போர்ட்’ என்ற பிழை சேகரிக்கும் கருவி சாதாரணப் பயனர்களுக்கும் தானாகவே இயங்கத் தொடங்கியது. லாகின் செய்ததும், எதுவுமே கெட்டதாகத் தெரியாத நேரத்தில், ‘சிஸ்டம் புரோகிராமில் சிக்கல்’ என்று ஒரு பெட்டி வரும். எந்த புரோகிராம், என்ன செய்யலாம் என்று முதல் பார்வையில் விளங்காது. பழைய கிராஷின் கோப்பு டிஸ்கில் கிடக்கும்வரை மறுநாளும் வரலாம். கடைசியில் பலர் கண்ட வைத்தியம், அமைப்புக் கோப்பில் 1 என்று இருப்பதை 0 ஆக்கி அப்போர்ட்டையே அணைத்துவிடுவது. தேவையில்லாமல் கத்தியதால், தேவையான எச்சரிக்கையும் சேர்ந்து போனது.

தென்சென்னைப் புறநகருக்கு லினக்ஸ் புதிதல்ல. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையமும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005 முதல் நடத்தின. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து மாணவர்களின் கைக்குப் போனது. முதன்முறையாக லினக்ஸைத் தொடும் ஒரு பிளஸ் டூ மாணவிக்குக் காரணம் சொல்லாத பிழைப் பெட்டி ஒன்று வந்தால், ‘இது சரிப்படாது’ என்று விண்டோஸுக்கே திரும்புவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஃபயர்பாக்ஸ் இதில் கொஞ்சம் நிதானம் காட்டுகிறது. அனுப்பாமல் கிடக்கும் கிராஷ் அறிக்கை 28 நாளுக்குள் உருவானதாக இருந்தால் மட்டுமே கேட்கும். நாலு தடவை காட்டியும் கண்டுகொள்ளாவிட்டால் 30 நாள் வாயை மூடிக்கொள்ளும். அனுமதி கேட்பதற்கும் காரணம் உண்டு: கிராஷ் ஆன நொடியில் நினைவகத்தில் இருந்த தகவலின் துண்டுகள், உங்கள் சொந்த விவரம் உட்பட, அந்த அறிக்கையில் ஒட்டிக்கொண்டு போகலாம்.

யோசித்துப் பார்த்தால், ஓர் அறிவிப்பு வர வேண்டுமானால் பயனர் எதையாவது இழந்திருக்க வேண்டும், அல்லது அவரால் எதையாவது செய்ய முடிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அறிவிப்பு வெறும் புலம்பல். வேர்டும் லிப்ரே ஆஃபிஸும் இதைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. இரண்டுமே வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுத்துவைக்கும். கிராஷ் ஆகித் திரும்பத் திறந்ததும், வேறெதையும் கேட்காமல், எந்தெந்தக் கோப்பை மீட்கலாம் என்ற பட்டியலை முதலில் நீட்டும். திருமணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது அதுதான்.

ஆள் மாறிப் போன செய்திக்கு மிகப் பெரிய உதாரணம் பல்லாவரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2024 ஜூலை 19 காலை 9:39க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பு 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் விழுந்திருந்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. ‘உங்கள் கணினியில் சிக்கல்’ என்ற வரியால் கவுன்ட்டர் ஊழியருக்கு எந்தப் பயனும் இல்லை. அது ஐடி ஆளுக்குப் போயிருக்க வேண்டிய செய்தி.

அப்படி உரியவர் மட்டும் தேடிப் பார்க்கும் கோளாறுப் பதிவேடு ஒன்று விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தேடினால் வந்துவிடும். பெரும்பாலானோர் அதைத் திறந்ததே இல்லை.

“அடிக்கடி நின்னு போகுது தம்பி.”

“எப்போலேர்ந்துங்க?”

“ஒரு வாரமா இருக்கும்… இல்ல, பொங்கலுக்கு முன்னாடியே.”

சர்வீஸ் கடைகளில் ஓயாமல் கேட்கும் இந்தப் பேச்சுக்கு அந்தப் பதிவேட்டில் தேதிவாரியாகப் பதில் கிடக்கும்: விழுந்த நாளிலெல்லாம் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, விழுந்த புரோகிராமின் பெயர். அதே நாளில் புதிதாக ஒரு பிரிண்டர் டிரைவர் ஏறியிருந்தால், அதுவும் கீழேயே பதிவாகியிருக்கும்.